நடுவட்டத்து நெடியவர்கள்

மார்ச் மாதம் பருவம் தொடங்கியது முதல் செப்டம்பர் இறுதியில் மகா இறுதியாட்டம் முடியும் வரையில், மெல்போர்ன் நகரத்து டிராம் வண்டிகளிலும் மதுக்கடைகளிலும் தொழிற்சாலை வாசல்களிலும் ஓயாமல் நடந்துவரும் விவாதங்களுள், தலைமுறை தலைமுறையாக வாதித்தும் தீர்ப்புக் காணாத விவாதம் ஒன்று உண்டு. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் ரக்மன் என்று வழங்கப்படும் நெடிய ஆட்டக்காரர் ஒரு கழகத்துக்கு உண்மையில் எவ்வளவு அவசியமானவர் என்பதே அது. அவர் இல்லாமல் கோப்பை இல்லை என்று ஒரு கட்சி சொல்லும். கைக்கு எட்டுகிற எந்த நெட்டையனையும் நிறுத்தினால் போதும், காரியத்தை முடிப்பவர்கள் கீழே நிற்கும் குட்டையர்களே என்று மறுகட்சி சொல்லும். இதில் வேடிக்கை என்னவென்றால், ரக்மன் வேண்டாம் என்று வாதிக்கிற அதே மனிதர், தம் கழகத்து ரக்மன் இன்னொரு கழகத்தின் சட்டையை அணிந்துகொண்ட நாள் முதலாக அவரைப் பத்து வருஷ காலம் வைதுகொண்டிருப்பார். அவசியமற்ற ஒருவரின் பிரிவு ஏன் இவ்வளவு வலிக்க வேண்டும் என்று கேட்டால் அவரிடம் பதில் இராது. ரக்மன் பற்றிய சர்ச்சையும் கழக விசுவாசம் பற்றிய சர்ச்சையும் வெளிப்பார்வைக்கு வேறு வேறாகத் தோன்றினாலும், இரண்டுக்கும் சரித்திரம் ஒன்றுதான் என்பது என் துணிபு.

இந்த ஆட்டத்தைக் காணாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். நீள்வட்ட மைதானம்; பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர்; முட்டை வடிவான தோல் பந்து. நடுவிலுள்ள இரண்டு உயர்ந்த கம்பங்களுக்கிடையே உதைத்தால் ஆறு புள்ளி, அவற்றுக்கு வெளியே உள்ள குட்டைக் கம்பங்களுக்குள் போனால் ஒரு புள்ளி. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்து மைதானத்தின் நடுவட்டத்துக்குத் திரும்பிவிடும். அங்கே நடுவர் அதை மேலே எழச்செய்ய (2025 வரை தரையில் ஓங்கி அடித்து எழச்செய்தார்), இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு ரக்மன் ஓடிவந்து எம்பி, உச்சியில் அதைத் தம் கூட்டாளியின் பக்கமாகத் தட்டிவிடப் பார்ப்பார். கீழே காத்திருக்கும் ரோவர் என்ற குட்டையான சுறுசுறுப்புக்காரர் அதைப் பொறுக்கிக்கொண்டு ஓடுவார். கைதட்டலும் பெரும்பாலும் அவருக்கே போகும். கல்யாணப் பந்தியில் அனைவருக்கும் இலை போட்டுவிட்டுத் தான் உட்காராமல் நிற்பவனைப் போன்றது ரக்மனுடைய நிலை. அவர் எத்தனை முறை தட்டினார் என்று எண்ணிவிடலாம். அந்தத் தட்டல்களில் எத்தனை உபயோகப்பட்டன, எத்தனை எதிரியின் மடியில் விழுந்தன என்பதில்தான் வாதம் பிறக்கிறது. எண்ணுவதற்கு எளிதாகவும் மதிப்பிடுவதற்கு அரிதாகவும் இருக்கும் ஒரு தொழிலைப் போல ரசிகர்களுக்கு வாதத்துக்கு உகந்த பொருள் வேறில்லை.

ஆட்டத்தின் பிறப்புக்கு மூலபுருஷர் என்று சொல்லத்தக்கவர் டாம் வில்ஸ். 1835இல் நியூ சவுத் வேல்ஸில் பிறந்து, மேற்கு விக்டோரியாவின் மேய்ச்சல் நிலங்களில் ஆதிக்குடிச் சிறுவர்களோடு விளையாடி வளர்ந்து, பின்னர் இங்கிலாந்தில் ரக்பி பள்ளியில் படித்துக் கிரிக்கெட் வீரராகத் திரும்பிவந்த இவர், கிரிக்கெட்காரர்கள் மழைக்காலத்தில் உடல் தளர்ந்துபோகாமல் இருக்கக் கால்பந்துக் கழகம் ஒன்று அமைக்க வேண்டுமென்று 1858ஆம் வருஷம் ஜூலை 10ஆம் தேதிப் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். அதே வருஷம் ஆகஸ்டு 7ஆம் தேதி ஸ்காட்ச் கல்லூரிக்கும் மெல்போர்ன் கிராமர் பள்ளிக்கும் நடந்த ஆட்டத்தில் பக்கத்துக்கு நாற்பது பேர் இறங்கினார்கள்; கோல் கம்பங்களுக்கிடையே அரை மைல் தூரம்; பக்கத்துக்கு ஒரு கோல் போட்டுவிட்டு, மேலும் இரண்டு நாள் ஆடியும் வெற்றி தோல்வி தெரியாமல் கலைந்தார்கள். மறுவருஷம் மே 17ஆம் தேதி, வில்ஸ், ஹாமர்ஸ்லி, தாம்ப்ஸன், ஸ்மித் ஆகிய நால்வரும் பரேடு ஹோட்டலில் கூடிப் பத்தே விதிகளை எழுதினார்கள். எதிராளியின் கணைக்காலில் உதைக்கும் ரக்பி வழக்கத்தை வில்ஸ் விரும்பினாராயினும், மெல்போர்னின் இறுகிய தரையில் விழுந்தால் எலும்பு முறியும், மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் என்ன செய்வார்கள் என்ற நடைமுறை யோசனையே வென்றது. ஆதிக்குடிகளின் பந்தாட்டமாகிய மார்ன்குரூக் இதற்கு எவ்வளவு கடன் கொடுத்தது என்பதைப் பற்றிச் சரித்திராசிரியர்கள் இன்னும் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையில் நான் இப்போது புகப்போவதில்லை.

அந்த ஆதி நாளில் ரக்மன் என்று தனியாக ஒருவர் இல்லை. பந்து எங்கே விழுந்ததோ அங்கே பத்திருபது பேர் நெருக்கியடித்துக்கொண்டு தோளால் மோதுவார்கள். அந்த நெரிசலைப் பின்தொடர்ந்து மைதானம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் பலசாலிகளைப் பின்தொடர்வோர் என்றே அழைத்தார்கள். நெரிசலை அவிழ்ப்பதற்காக நடுவர் பந்தைத் தம் கையில் வாங்கி மேலே விடும் முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலைபெற்ற பிறகே, தோள் வலிமைக்குப் பதிலாக உயரமும் எம்பும் சாமர்த்தியமும் விலைபெறலாயின. 1899இல் பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர் என்று குறைத்தபோது பின்தொடர்வோர் மூவராகச் சுருங்கினர்: தட்டுகிற ரக்மன், அவருக்கு இடம் பிடித்துக் கொடுக்கும் துணைவர், பொறுக்குகிற ரோவர். மூவரும் ஒரே மூச்சாக இயங்க வேண்டியிருந்தபடியால், ஒருவரையொருவர் பல வருஷம் அறிந்திருப்பது ஆட்டத்தின் தேவையாயிற்று. கழகத்திலேயே நிலைத்திருக்கும் குணத்தை ரக்மனிடம் ரசிகர்கள் மற்றவர்களைவிட அதிகமாக எதிர்பார்க்கத் தொடங்கியது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

விசுவாசத்துக்கு வேறொரு மூலமும் இருந்தது. 1877இல் விக்டோரியச் சங்கம் தோன்றிற்று; அதிலிருந்து எட்டுக் கழகங்கள் பிரிந்து 1897இல் விக்டோரிய லீக் என்று தனியாக ஆடத் தொடங்கின. கார்ல்டன், காலிங்வுட், எஸெண்டன், ஃபிட்ஸ்ராய், ஜீலாங், மெல்போர்ன், செயின்ட் கில்டா, சவுத் மெல்போர்ன் என்ற அந்த எட்டுப் பெயர்களும் ஊர்ப் பெயர்களே, பேட்டைப் பெயர்களே. ஃபிட்ஸ்ராய்க்கும் காலிங்வுட்டுக்கும் நடுவே ஒரு தெருதான் எல்லை. அந்தத் தெருவின் இப்பக்கம் பிறந்தவன் அப்பக்கத்துக் கழகத்துக்கு ஆரவாரம் செய்தால் அவனைக் குடும்பத்தில் ஒருவனாக மதிக்க மாட்டார்கள். தோல் பதனிடும் சாலைகளும் செருப்புத் தொழிற்சாலைகளும் நிறைந்த காலிங்வுட் போன்ற ஏழைப் பேட்டைகளில், வாரத்தில் ஆறு நாள் முதலாளிக்கு வணங்கி நின்றவர்கள் சனிக்கிழமை பிற்பகலில் மட்டும் எவருக்கும் தாழ்ந்தவர்களல்லர் என்று நிமிர்ந்து நின்றார்கள். கூட்டத்தில் பெண்கள் பெருந்திரளாக இருந்தார்கள் என்பதும், அவர்கள் ஆண்களுக்கு எவ்வகையிலும் குறையாமல் நடுவரைத் திட்டினார்கள் என்பதும் அக்காலத்துப் பத்திரிகைகளில் அடிக்கடி வரும் புகார். 1915 முதல் நகரமே வட்டாரங்களாகப் பங்கிடப்பட்டு, ஒருவன் எந்தக் கழகத்துக்கு ஆடுவான் என்பதை அவன் வசித்த தெருவே நிர்ணயித்தது. ரசிகன் எப்படித் தன் கழகத்தைத் தேர்ந்தெடுக்கவில்லையோ, அப்படியே ஆட்டக்காரனும் தேர்ந்தெடுக்கவில்லை. இருவரையும் பிணைத்தது பிறப்பு. இந்தச் சமத்துவம் குலைந்தபோதுதான் வசவு தொடங்கியது.

ரக்மன் என்ற ஸ்தானத்துக்குக் காவிய அந்தஸ்தைத் தேடித்தந்தவர் ராய் கசாலி. ஆறடிக்கும் சற்றுக் குறைந்த உயரமே கொண்ட இவர், கொட்டகைக் கூரையிலிருந்து ஒரு பந்தைக் கயிற்றில் தொங்கவிட்டு அதை எட்டிப் பிடித்துப் பிடித்துப் பழகி, தம்மைவிட நெடியவர்களின் தோளுக்கு மேலே மிதக்கும் வித்தையைக் கற்றார். எம்பும்போது மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தால் உடல் இலேசாகும் என்பது அவருடைய நம்பிக்கை. சாஸ்திரம் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பந்து ஒப்புக்கொண்டது. செயின்ட் கில்டாவில் தொடங்கி 1921இல் சவுத் மெல்போர்னுக்கு வந்த அவருக்கு, ஃப்ரெட் ஃப்ளைட்டர் என்ற துணைவரும் மார்க் டாண்டி என்ற ரோவரும் வாய்த்தார்கள். எதிரிகளைத் தம் உடம்பால் தடுத்து வழி உண்டாக்கிக்கொண்டு ஃப்ளைட்டர் போட்ட கூச்சலே ‘மேலே போ, கசாலி’ என்பது. மைதானத்தில் ஒருவர் மற்றொருவருக்குப் போட்ட அந்தக் கூச்சலைக் கூட்டம் பிடித்துக்கொண்டது. கூட்டத்திடமிருந்து நகரம் பிடித்துக்கொண்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஆஸ்திரேலியப் படைவீரர்கள் அதைப் போர்முழக்கமாகக் கொண்டார்கள். 1979இல் தொலைக்காட்சி விளம்பரத்துக்காக மைக் பிரேடி அதை ஒரு பாட்டாக்கினார். கசாலியோ 1963இலேயே காலமாகிவிட்டார். செயின்ட் கில்டாவை விட்டுச் சென்றவர்தானே இவர் என்று எவரும் இன்று அவர்மேல் குறைகூறுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புகழ் போதுமான அளவுக்கு முதிர்ந்தால் ரசிகர்களின் ஞாபகம் தயவுடையதாகிவிடுகிறது.

ரிச்மண்டின் ஜாக் டயர் முற்றிலும் வேறு தாதுவினால் ஆனவர். 1931 முதல் 1949 வரை ஒரே கழகத்துக்கு 312 ஆட்டங்கள் ஆடிய இவர் எம்புவதைக் காட்டிலும் இடிப்பதில் கீர்த்தி பெற்றவர். சினிமாக் கடற்கொள்ளைக்காரன் ஒருவனுடைய பெயரால் காப்டன் பிளட் என்று பத்திரிகைகள் அவரை அழைத்தன. அவருடைய தோளில் மோதிய எதிரிகளின் கழுத்தெலும்புகளைப் பற்றி ரிச்மண்டில் வழங்கும் கதைகளில் பாதி உண்மையாக இருந்தாலே பயங்கரந்தான். ஆனால் ரிச்மண்டுக்காரர்கள் இன்றும் கொண்டாடுவது அந்த எலும்புகளை அல்ல, அந்த ‘ஒரே கழகம்’ என்ற சொற்களை.

பணம் இந்த உறவுக்குள் எப்போது நுழைந்தது என்றால், எப்போதும் உள்ளேதான் இருந்தது என்று சொல்ல வேண்டும். 1930இல் லீக் கூல்ட்டர் சட்டம் என்ற ஒன்றை விதித்து, ஆட்டத்துக்கு மூன்று பவுனுக்கு மேல் எவருக்கும் கொடுக்கலாகாது என்றது. பணமாகக் கொடுக்கத் தடை வந்தால் வேலையாகக் கொடுக்கலாமல்லவா? பொருளாதார மந்தத்தில் வேலையே பொன்னாக இருந்த அந்நாளில், சவுத் மெல்போர்ன் கழகத்தின் தலைவராக இருந்த மளிகைக் கடை அதிபர் ஆர்ச்சி கிராஃப்ட்ஸ் தம் கடைகளில் உத்தியோகம் கொடுத்துப் பிற மாநிலங்களிலிருந்து ஆட்டக்காரர்களைத் தருவித்தார். ‘அந்நியப் படை’ என்று பரிகசிக்கப்பட்ட அந்த அணி 1933இல் கோப்பையை வென்றது. பேட்டையில் பிறக்காதவர்கள் பேட்டைக்காக வென்ற கோப்பை அது. சவுத் மெல்போர்ன்காரர்கள் அதை வேண்டாமென்று சொல்லவில்லை. வந்து சேருகிறவனிடம் ரசிகன் பிறப்புச் சான்று கேட்பதில்லை. விட்டுப் போகிறவனிடம் மட்டும் கேட்கிறான்.

இந்த நியாயத்தை இன்னும் கூர்மையாகக் காட்டுவது கிரஹாம் ஃபார்மருடைய சரித்திரம். ‘பாலி’ ஃபார்மர் என்று ஆஸ்திரேலியா முழுவதும் அறிந்த இவர் 1935இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் நூங்கார் குலத்துத் தாய்க்குப் பிறந்து, பெர்த் நகரத்தில் சிஸ்டர் கேட்ஸ் என்ற குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர். ஆதிக்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்த்த காலம் அது. தமக்கென ஒரு வீடு இல்லாத ஒருவர் கழகங்களின் மேல் வைத்த பற்று எத்தகையதாக இருந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. 1953 முதல் ஈஸ்ட் பெர்த் கழகத்துக்கு ஆடிய பின், 1962இல் கண்டத்தின் மறுகோடியிலுள்ள ஜீலாங் அவரை அழைத்துக்கொண்டது. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் பழுதடைந்து அந்தப் பருவம் வீணாயிற்று. மறுபருவம் அவர் ஆடிய ஆட்டத்தைக் கண்டவர்கள் அதற்கு முன்னும் பின்னும் என்று காலத்தைப் பிரித்துப் பேசுகிறார்கள்.

ஃபார்மர் செய்த புதுமைகள் இரண்டு. முதலாவது, மற்ற ரக்மன்கள் எதிரியோடு ஏககாலத்தில் எம்ப, இவர் ஒரு கணம் முந்தி எம்பி எதிரியின் உடம்பையே படியாகக் கொண்டு உயர்ந்து, பந்து உச்சியில் இருக்கும்போது இரு கைகளாலும் அதைப் பற்றிக்கொண்டே இறங்கினார். தட்டிவிட்டு அதிர்ஷ்டத்தை நம்பும் தேவை இல்லாமற்போயிற்று. இரண்டாவது, கையால் பந்தைக் குத்தி அனுப்பும் வழக்கத்தை அவர் கலையாக்கினார். இந்த ஆட்டத்தில் பந்தை எறியலாகாது. ஒரு உள்ளங்கையில் வைத்து மறுகை முஷ்டியால் குத்தித்தான் அனுப்ப வேண்டும். அதுவரை நெருக்கடியில் தப்பிப்பதற்கு மட்டுமே பயன்பட்ட அந்த உபாயத்தை ஃபார்மர் தாக்குதலின் முதற்படியாக்கினார். ஓடும் கூட்டாளியின் முன்னே பந்து போய் விழும். அவன் நடையைக் குறைக்க வேண்டியதில்லை. நிறுத்திய காரின் திறந்த ஜன்னல் வழியாகப் பந்தைக் குத்திச் செலுத்திப் பழகினார் என்பது அவரைப் பற்றி வழங்கும் கதை. கீழே நின்ற பில்லி காகினுக்கும் அவருக்கும் இடையே பேச்சே தேவைப்படவில்லை. 1963இல் ஹாதர்ன் கழகத்தைத் தோற்கடித்து ஜீலாங் கோப்பையை வென்றது. அதற்குப் பின் 2007 வரை அந்தக் கழகத்துக்குக் கோப்பை கிடைக்கவில்லை.

ஃபார்மருக்கு ஈடுகொடுத்தவர் கார்ல்டனின் ஜான் நிக்கல்ஸ். அடிமரம் போன்ற தொடைகளும், எதிரியின் இடத்தை அபகரித்துக்கொண்டு அசையாமல் நிற்கும் புத்தியும் கொண்ட இவர், 1957 முதல் 1974 வரை ஒரே கழகத்தில் 328 ஆட்டங்கள் ஆடியவர். 1972 மகா இறுதியாட்டத்தில் தலைவரும் பயிற்சியாளருமாக இறங்கி, ரக் வேலையைப் பிறரிடம் விட்டு முன்வரிசையில் நின்று ஆறு கோல் போட்டார். ஃபார்மரா நிக்கல்ஸா என்பது மெல்போர்னில் ஒரு தலைமுறையின் தர்க்கசாஸ்திரம். 1996இல் லீக் தன் நூற்றாண்டின் மிகச் சிறந்த அணியைத் தெரிவுசெய்தபோது, ஃபார்மரை ரக் ஸ்தானத்திலும் நிக்கல்ஸைப் பின்மூலைக் காவலிலும் வைத்தார்கள். ரக்மன்கள் ஓய்வெடுக்க அந்த மூலைக்குப் போவது பழைய வழக்கமாதலால் அது சாமர்த்தியமான சமாதானமே. ஆனால் கார்ல்டன்காரர்கள் அதைச் சமாதானமாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. என்னைக் கேட்டால் ஃபார்மர் ஆட்டத்தை மாற்றினார், நிக்கல்ஸ் ஆட்டங்களை வென்றார். இரண்டில் எது பெரிது என்பது கேட்பவர் எந்தக் கழகம் என்பதைப் பொறுத்தது. 2019இல் ஃபார்மர் மறைந்த பின், பலமுறை தலையில் பட்ட அடிகளால் வரும் மூளை நோய் அவருக்கு இருந்ததென்று மருத்துவர்கள் உறுதிசெய்தார்கள்; லீக் ஆட்டக்காரர் ஒருவரிடம் அந்நோய் கண்டறியப்பட்டது அதுவே முதல் தடவை. எதிரியின் உடம்பைப் படியாக்கிக்கொண்டு ஏறியவர், அதற்கான கூலியைத் தம் தலையால் கொடுத்திருந்தார்.

ரசிகர்களின் விசுவாசம் என்ற கட்டடத்தில் முதல் பெரிய விரிசல் 1964இன் இறுதியில் விழுந்தது. ரான் பராஸி அசல் ரக்மன் அல்லர். ரக்மனுக்குத் துணையாக இரண்டாவது ரோவரைப் போல் ஓடும் ரக்-ரோவர் என்ற ஸ்தானத்துக்கு உருவம் கொடுத்தவர். அவருடைய தந்தையும் மெல்போர்ன் கழகத்து ஆட்டக்காரர். 1941இல் டொப்ரூக் யுத்தகளத்தில் உயிர் துறந்தவர். அந்தக் கழகத்துக்கே மகனும் ஆட வேண்டுமென்று, தந்தை ஆடிய கழகத்தில் மகன் சேரலாம் என்ற விதியைப் பயன்படுத்தி அவரை எடுத்துக்கொண்டார்கள். பயிற்சியாளர் நார்ம் ஸ்மித் தம் வீட்டிலேயே வைத்து வளர்த்தார். ஆறு கோப்பைகள், 1964இல் தலைவர். மெல்போர்ன் கழகத்துச் சிறுவர்கள் அவருடைய 31ஆம் எண்ணை முதுகில் தைத்துக்கொண்டு திரிந்த காலத்தில், பராஸி கார்ல்டனுக்கு ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாகப் போய்விட்டார். இரத்தத்தாலும் வளர்ப்பாலும் கழகத்தின் பிள்ளையான ஒருவரே விலைக்குப் போவாரானால் பிறகு எவரைத்தான் நம்புவது என்று ஒரு நகரமே திகைத்தது. அவர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை: இருபத்தெட்டு வயது, பயிற்சியாளராகும் ஆசை, தந்தை ஸ்தானத்தில் இருந்தவரின் ஆசனத்தைப் பறிக்க மனமில்லாமை. அவர் போன மறுவருஷம் நடுப்பருவத்தில் அந்த நார்ம் ஸ்மித்தையே மெல்போர்ன் நிர்வாகம் வேலையிலிருந்து நீக்கி, ஒரு வாரத்துக்குள் திரும்ப அழைத்துக்கொண்டது. விசுவாசம் என்பது ரசிகர்களிடமிருந்தும் ஆட்டக்காரர்களிடமிருந்தும் மட்டுமே வசூலிக்கப்படும் வரி. நிர்வாகிகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. மெல்போர்ன் கழகம் அடுத்த கோப்பையைக் காண 2021 வரை காத்திருந்தது.

கார்ல்டனில் பராஸியும் நிக்கல்ஸும் சேர்ந்து 1968இலும் 1970இலும் வென்றார்கள். 1970 மகா இறுதியாட்டத்துக்கு 1,21,696 பேர் வந்தார்கள். அரைநேரத்தில் காலிங்வுட் 44 புள்ளி முன்னிலை. முடிவில் கார்ல்டன் பத்துப் புள்ளியில் வென்றது. தோற்ற காலிங்வுட்டின் ரக்மன் லென் தாம்ப்ஸன். அதே வருஷம் பருவம் தொடங்குவதற்கு முன்பு, வெளியூரிலிருந்து புதிதாக வந்தவனுக்குப் பெருந்தொகை கொடுக்கும் கழகம் தங்களுக்கு ஏன் கொடுக்கக் கூடாது என்று கேட்டு, அவரும் அணித் தலைவர் டெஸ் டட்டன்ஹாமும் ஆட மறுத்து நின்றிருந்தார்கள். அனைவருக்கும் ஒரே கூலி என்பதை வேதமாகக் கொண்டிருந்த காலிங்வுட்டில் இது நாத்திகமாகக் கருதப்பட்டது. திரும்பி வந்தார்கள், ஆனால் டட்டன்ஹாமின் தலைமை போயிற்று. தாம்ப்ஸன் 1972இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் வென்றும், கடைசி வருஷங்களைச் சவுத் மெல்போர்னிலும் ஃபிட்ஸ்ராயிலும் கழித்தார்.

அந்தத் தசாப்தம் ரக்மன்களின் பொற்காலம். 1975இல் காரி டெம்ப்ஸி, 1976இல் கிரஹாம் மாஸ், 1979இல் பீட்டர் மூர் என்று பதக்கங்கள் நெடியவர்களையே தேடிப் போயின. மாஸ் பதக்கம் வாங்கிய கையோடு எஸெண்டனை விட்டுத் தம் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிவிட்டார். ஊருக்குப் போனவனை வையலாமா என்று எஸெண்டன்காரர்கள் குழம்பினார்கள். மூரோ காலிங்வுட்டில் ஒரு பதக்கம், கழகம் மாறி மெல்போர்னில் 1984இல் இன்னொரு பதக்கம் என்று இரண்டு சட்டைகளிலும் புகழ் ஈட்டினார். 1992இல் ஃபுட்ஸ்க்ரேயின் ஸ்காட் விண்ட் பெற்ற பிறகு முழுநேர ரக்மன் எவருக்கும் அந்தப் பதக்கம் கிடைக்கவில்லை. ரக்மன் அநாவசியம் என்போர் முதலில் எடுத்து வீசும் அஸ்திரம் இதுதான்.

இதற்கிடையே கழகங்களே இடம்பெயரத் தொடங்கின. கடனில் மூழ்கிய சவுத் மெல்போர்ன் 1982இல் சிட்னிக்குக் குடியேறியது. சிட்னிக்குப் போக விரும்பாத சில்வியோ ஃபாஷினி என்ற இளைஞர் நீதிமன்றம் ஏறி, ஆட்டக்காரனைக் கழகத்தின் உடைமையாக வைத்திருந்த விடுப்பு விதிகள் தொழில் சுதந்திரத்துக்குத் தடை என்று 1983இல் தீர்ப்பு வாங்கினார். கழகம் ஊரை விட்டுப் போகலாம், ஆட்டக்காரன் கழகத்தை விட்டுப் போகக் கூடாது என்ற விசித்திர தர்மம் அன்றோடு முடிந்தது. 1989இல் ஃபுட்ஸ்க்ரேயை ஃபிட்ஸ்ராயோடு இணைத்துவிட லீக் முடிவுசெய்தபோது, மேற்குப் புறநகரத்து ஏழை ஜனங்கள் சில வாரங்களுக்குள் பத்து லட்சம் டாலருக்கு மேல் உண்டியல் குலுக்கிச் சேர்த்துத் தங்கள் கழகத்தை மீட்டார்கள். ஃபிட்ஸ்ராய்க்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1996 செப்டம்பர் 1ஆம் தேதி, சொந்த ஊரிலிருந்து வெகுதூரத்தில், பெர்த் நகரத்தில் அது தன் கடைசி ஆட்டத்தை ஆடிப் பிரிஸ்பேனோடு கலந்தது.

அதே மாதம் நடந்த ஒரு சம்பவந்தான் இந்தக் கட்டுரைக்கு என்னைத் தூண்டியது என்று சொல்லலாம். மெல்போர்ன் கழகத்தையும் ஹாதர்ன் கழகத்தையும் இணைத்து ‘மெல்போர்ன் ஹாக்ஸ்’ என்ற புதிய கழகம் ஆக்கும் திட்டம் செப்டம்பர் 16ஆம் தேதி இரவு இரு கழக உறுப்பினர்களின் வாக்குக்கு வந்தது. ஹாதர்ன் கூட்டத்தில் எதிர்ப்புக்குத் தலைமை வகித்தவர் டான் ஸ்காட்: 1967 முதல் 1981 வரை அந்தக் கழகத்துக்கு 302 ஆட்டங்கள் ஆடி மூன்று கோப்பைகளில் பங்கேற்ற ரக்மன், மைதானத்தில் கோபக்காரர், வெளியே நேர்த்தியாக உடுப்பவர். மேடையில் அவர் புதிய கழகத்துக்கென வரைந்த சட்டையை உயர்த்திப் பிடித்தார். அதில் பதித்திருந்த பருந்துச் சின்னத்தை ஒட்டுப்பட்டையிலிருந்து உரித்தெடுத்தார். அடியில் எஞ்சியது மெல்போர்ன் கழகத்தின் சட்டை. வாதத்தை அதற்கு மேல் விரிக்க வேண்டியிருக்கவில்லை. மெல்போர்ன் உறுப்பினர்கள் சிறு வித்தியாசத்தில் இணைப்பை ஏற்றார்கள், ஹாதர்ன் உறுப்பினர்கள் பெருவாரியாக நிராகரித்தார்கள், திட்டம் செத்தது. அன்று ஒழிந்துபோயிருக்கக்கூடிய ஹாதர்ன் 2008இலும், பின்னர் 2013 முதல் தொடர்ந்து மூன்று வருஷமும் கோப்பை வென்றது. ஆயுள் முழுவதும் பிறர் கைக்குப் பந்தைத் தட்டிக்கொடுத்த ஒருவர், தம் கழகத்தையே அடுத்த தலைமுறையின் கைக்குத் தட்டிக்கொடுத்தார்.

அந்த இரவில் ஏறக்குறைய அழிவுக்குச் சம்மதித்த மெல்போர்ன் கழகத்தைப் பிற்பாடு காப்பாற்றியவரும் ஒரு ரக்மனே. ஜிம் ஸ்டைன்ஸ் டப்ளினில் பிறந்த ஐரிஷ்காரர். அயர்லாந்தின் கேலிக் கால்பந்து ஆடிய இளைஞர்களை வரவழைத்துப் பழக்கும் பரீட்சையில் 1984இல் மெல்போர்னுக்கு வந்தவர். 1987இல், இறுதியாட்டத்துக்கு ஒரு படி கீழான ஆட்டத்தின் கடைசி விநாடிகளில், உதைக்க நின்ற ஹாதர்ன்காரரின் குறுக்கே ஓடி விதியை மீறியதால் அந்த எதிராளிக்குப் பதினைந்து மீட்டர் கூடுதலாகக் கிடைத்தது. அந்த உதையில் மெல்போர்ன் தோற்றது. இருபத்து மூன்று வருஷம் மகா இறுதியாட்டத்துக்குக் காத்திருந்த கழகம் அது. வேறொருவராயிருந்தால் டப்ளினுக்குக் கப்பலேறியிருப்பார். ஸ்டைன்ஸ் அந்தப் பருவத்தில் தொடங்கி ஒரு ஆட்டத்தையும் தவறவிடாமல் தொடர்ந்து 244 ஆட்டங்கள் ஆடி, 1991இல் பிரவுன்லோ பதக்கமும் பெற்றார். 2008இல் கழகத் தலைவராகி, மறுவருஷம் புற்றுநோய் என்று தெரிந்த பின்னும் விலகாமல், கழகத்தின் கடன் சுமையை இறக்குவதற்கு ரசிகர்களிடம் நன்கொடை திரட்டி, 2012 மார்ச்சில் காலமானார். பேட்டையில் பிறப்பதற்கும் பேட்டையின் மேல் பற்று வைப்பதற்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டியதில்லை. ஆனாலும் மெல்போர்ன் ரசிகர்கள் அடுத்தவர் விஷயத்தில் பிறப்பைப் பேசுவதை விடவில்லை.

நம் நாளின் ஆட்டம் வேறு. வேகமாக ஓடிவந்து மோதிய ரக்மன்களின் முழங்கால் தசைநார்கள் அறுந்துபோனமையால், 2005 முதல் நடுவட்டத்தைச் சுற்றிப் பத்து மீட்டர் அகலத்தில் இன்னொரு வட்டம் வரைந்து ஓட்டத்தைக் குறுக்கினார்கள். இதனால் தூரத்திலிருந்து பறந்துவருகிறவர்களுக்கு நஷ்டமும், நின்ற இடத்தில் எட்டுகிறவர்களுக்கு இலாபமும் உண்டாயின. ஃப்ரீமாண்டிலுக்கு ஆடிய ஆரன் சாண்டிலாண்ட்ஸ், காலிங்வுட்டுக்கு ஆடிய அமெரிக்கர் மேஸன் காக்ஸ் ஆகியோர் 211 சென்டிமீட்டர் உயரம். கசாலி இன்று வந்தால் அவர்கள் தோளளவுக்குக் கொஞ்சம் மேலே நிற்பார்.

விசுவாசத்துக்கும் புதிய கணக்கு வந்துவிட்டது. சம்பள வரம்பு, புதியவர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் முறை, 2012 முதல் நெடுநாள் ஆடியவர்களுக்கு விலகும் சுதந்திரம் என்று எல்லாம் ஏற்பாடாயின. பிராடி கிரண்டியின் கதை இக்காலத்துக்கு நல்ல மாதிரி. 2020இல் காலிங்வுட் இந்த ரக்மனுக்கு ஏழு வருஷ ஒப்பந்தம் கொடுத்தது. ரக்மனுக்கு இவ்வளவு தகுமா என்று ஒரு தரப்பும், தக்கவைக்காவிட்டால் கழகம் எதற்கு என்று மறுதரப்பும் கொதித்தன. சம்பள வரம்பு நெருக்கிய 2022இன் இறுதியில், அவருடைய சம்பளத்தில் ஒரு பகுதியைத் தானே ஏற்றுக்கொண்டு, காலிங்வுட் அவரை மெல்போர்னுக்கு அனுப்பிவிட்டது. அங்கே 2021 கோப்பையை ஏந்திய தலைவர் மாக்ஸ் கான் என்னும் மற்றொரு பெரிய ரக்மன் ஏற்கெனவே இருந்தார். ஒரு அணியில் இரண்டு ரக்மன் தகுமா என்ற பழைய கேள்விக்கு ஒரே பருவத்தில் விடை கிடைத்தது. கிரண்டி சிட்னிக்குப் போனார். அந்த 2023 பருவத்திலேயே, டார்ஸி காமரனையும் காக்ஸையும் வைத்துக்கொண்டு, பிரிஸ்பேனை நான்கு புள்ளியில் வென்று கோப்பையைத் தட்டிச்சென்றது காலிங்வுட்.

பார்த்தீர்களா, பெரிய ரக்மன் தேவையே இல்லை என்று ஒரு கட்சி அன்றிரவே சொல்லத் தொடங்கியது. காக்ஸ் இல்லாவிட்டால் வென்றிருப்பார்களா என்று மறுகட்சி கேட்டது. 2025இல் லீக், நடுவர் பந்தைத் தரையில் அடிக்கும் நூற்றாண்டுப் பழக்கத்தை அடுத்த பருவம் முதல் கைவிட்டு, கையால் நேராக மேலே எறியும் முறையைக் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. அடித்த பந்து கோணலாகப் போனதால் தோற்றோம் என்ற சமாதானம் இனிச் செல்லாது. நேராக எழும் பந்துக்கு எம்புகிறவன் உகந்தவனா, இடித்து நிற்கிறவன் உகந்தவனா என்பதில் கட்சிகள் மறுபடியும் பிரிந்துவிட்டன.